டிரைஸின் வண்டியும் நடைபாதைத் தடையும்

நடைபாதையில் மிதிவண்டி ஓட்டுவோரை அனுமதிக்கலாமா என்னும் கேள்வி நம் நகரங்களில் அவ்வப்போது எழுந்து, விடை காணப்படாமலேயே அடங்கிவிடுகிறது. பேருந்துக்கும் சரக்கு லாரிக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்பவர் சற்றே ஒதுங்கி நடைபாதையில் ஏறினால் என்ன என்று ஒரு தரப்பு கேட்கிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் எஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதானே, அதையும் பறிக்கலாமா என்று மறுதரப்பு கேட்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இந்த வழக்கு மிகப் பழையது. இருசக்கர வண்டியில் பெடல் பொருத்தப்படுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, அந்த வண்டி ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், அதே நகரில், இக்கேள்வி எழுந்தது, தீர்ப்பும் வழங்கப்பட்டது. தீர்ப்புக்குப் பிறகு, உலகம் அந்த வண்டியைப் பல பத்தாண்டுகள் மறந்தே போயிற்று. வண்டியைப் படைத்தவர் கார்ல் டிரைஸ் என்னும் ஜெர்மானியர். அவருடைய வாழ்க்கையை இங்கே எடுத்துரைக்க ஒரு காரணம் உண்டு. அன்றைய தீர்ப்பில் விடுபட்டுப்போன ஒன்று, இன்றும் நம் ஊர்களில் விடுபட்டே கிடக்கிறது.

டிரைஸ் 1785 ஏப்ரல் 29 அன்று, ஜெர்மனியின் தென்மேற்கே பாடன் அரசின் தலைநகராக இருந்த கார்ல்ஸ்ரூவில் பிறந்தார். பிரபுக் குடும்பம். தந்தை அவ்வரசின் உயர்நிலை நீதிபதி. பாடனை ஆண்ட கார்ல் ஃபிரீட்ரிக் மன்னரே குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றார். அத்தகைய பிறப்பு உடையவருக்கு அரசுப் பணி என்பது கேட்காமலேயே கிடைக்கும் வரிசை. டிரைஸ் வனத்துறைக்கு அனுப்பப்பட்டார். இடையில் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், கட்டடக்கலை ஆகியவற்றைப் பயின்றார். அவருடைய மனம் காட்டில் இல்லை, கருவிகளில் இருந்தது. 1811-ஆம் ஆண்டளவில் சம்பளத்துடன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு மான்ஹைம் நகருக்குக் குடிபெயர்ந்தார். அதன்பிறகு அவர் முழுநேரக் கண்டுபிடிப்பாளர்.

பியானோவில் வாசிக்கப்படும் இசையைத் தாளில் தானே பதிந்துகொள்ளும் கருவி ஒன்றை முதலில் அமைத்தார். பின்னர் குதிரையின்றி மனித ஆற்றலால் ஓடும் நான்கு சக்கர வண்டியில் கைவைத்தார். நெப்போலியனை வீழ்த்திய ஐரோப்பிய அரசுகள் எல்லைகளைப் பங்கிட்டுக்கொள்ள வியன்னாவில் கூடியபோது, அவ்வண்டியை அங்கே கொண்டுசென்று காட்டினார். பார்த்தவர்கள் வியந்தனர், வாங்குவார் எவருமில்லை.

1815-இல் இந்தோனேசியத் தீவு ஒன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தகப் புகையும் வான்மேல் பரவி, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. பயிர் அழிந்தது, தானிய விலை ஏறியது, மனிதர்க்கே உணவில்லாதபோது குதிரைக்குக் கொள்ளும் புல்லும் எங்கிருந்து வரும்? இந்தப் பஞ்சமே குதிரைக்கு மாற்றைத் தேடும்படி டிரைஸைத் தூண்டியது என்று வரலாற்றாய்வாளர் சிலர் கருதுகின்றனர். வேறு சிலர் அதை ஏற்பதில்லை. பஞ்சத்தின் மறு ஆண்டிலேயே வண்டி சாலைக்கு வந்தது என்பதில் ஐயமில்லை.

அந்த வண்டி எளிமையானது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரச்சக்கரங்கள், அவற்றை இணைக்கும் ஒரு மரத்தண்டு, நடுவில் இருக்கை, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கைப்பிடி, பின்சக்கரத்துக்கு ஒரு தடை. மொத்த எடை ஏறத்தாழ 22 கிலோ. பெடலும் சங்கிலியும் கிடையா. இருக்கையில் அமர்ந்தவர் கால்களால் தரையை மாறிமாறி உந்தித் தள்ள வேண்டும். நம் சொல்லில் அதனை மிதிவண்டி என்றழைப்பதே பொருந்தாது. ஓடும் பொறி என்றுதான் டிரைஸ் பெயரிட்டிருந்தார். ஆனால் இரண்டே சக்கரத்தில், ஓட்டத்தின் வேகத்தாலேயே விழாமல் நிற்கலாம் என்னும் உண்மையை உலகுக்கு முதலில் காட்டியது அதுதான். இன்றைய மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் அதன் வழித்தோன்றல்கள்.

1817 ஜூன் 12 அன்று டிரைஸ் மான்ஹைமில் தம் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஷ்வெட்சிங்கன் செல்லும் சாலையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவிலிருந்த, தபால் வண்டிகளுக்குக் குதிரை மாற்றும் விடுதிவரை சென்று திரும்பினார். போகவும் வரவும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆயிற்று. அவர் தேர்ந்த சாலை பாடன் அரசிலேயே மிகச் சிறந்த சாலை என்பது கவனிக்கத்தக்கது. நல்ல சாலையில் தம் வண்டி என்ன செய்யும் என்பதை அவர் காட்டிவிட்டார். எல்லாச் சாலைகளும் அப்படி இல்லை என்பதை மற்றவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர்.

அக்காலத்துச் சாலைகள் குதிரை வண்டிகளுக்கானவை. இரும்புப் பட்டை அடித்த கனத்த சக்கரங்கள் நாளெல்லாம் உருண்டு, சாலை நெடுகிலும் ஆழமான தடங்களைப் பதித்திருந்தன. செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் வாழும் எனக்கு இதன் பொருளை விளங்கிக்கொள்ள நூல் எதுவும் தேவைப்படவில்லை. நெல்லும் மல்லாட்டையும் ஏற்றிய வண்டிகள் மழையில் உழுதுபோட்ட மண்பாதை, வெயிலில் காய்ந்து இறுகிய பிறகு அதில் மிதிவண்டி ஓட்டியவர் எவரும் அறிவர். முன்சக்கரம் அத்தடத்துக்குள் இறங்கிவிட்டால் கைப்பிடியைத் திருப்ப முடியாது. வலிந்து திருப்பினால் விழ வேண்டியதுதான். நான்கு சக்கர வண்டிக்கு அந்தத் தடம் வழிகாட்டி. இரு சக்கர வண்டிக்கோ அது பொறி.

ஆகவே டிரைஸின் வண்டியை வாங்கியவர்கள் தம் கண்ணெதிரே இருந்த சமதளத்தை நாடினர். அது நடைபாதை. வண்டியோ நடப்பவரைவிட மூன்று மடங்கு வேகத்தில் சென்றது. குழந்தையை அழைத்துச் செல்லும் தாய்மார், ஊன்றுகோலுடன் வரும் முதியோர், கூடை சுமப்போர் எனப் பலரும் அஞ்சி ஒதுங்க வேண்டியதாயிற்று. முதல் ஓட்டம் நடந்து ஆறே மாதத்தில், 1817 டிசம்பரில், மான்ஹைம் நகரம் நடைபாதையில் அவ்வண்டியை ஓட்டத் தடை விதித்தது. 1818-இல் மிலான் நகரமும், 1819-இல் லண்டனும் நியூயார்க்கும் அவ்வழியைப் பின்பற்றின. 1820-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தலைநகரான கல்கத்தாவிலும் தடை வந்தது. பிறந்து மூன்றே ஆண்டில், தன் பெயருக்கு முன்பாகவே தன்மீதான தடை நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த வண்டி இது.

இத்தடைகளை விதித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். நடப்பவரின் அச்சம் உண்மையானது. அவரைக் காப்பது நகர ஆட்சியின் கடமை. அந்த அளவில் தீர்ப்பு சரியானதே. ஆனால் ஒரு வண்டியை ஓரிடத்திலிருந்து வெளியேற்றும்போது, அது போக வேண்டிய இடம் எது என்பதையும் சொல்ல வேண்டும். நடைபாதையில் ஓட்டாதே என்ற நகரங்கள் எவையும், சாலையை ஓட்டத்தக்கதாக்கித் தருகிறோம் என்று சொல்லவில்லை. விளைவு விரைவாகவே வந்தது. லண்டனில் டெனிஸ் ஜான்சன் என்னும் வண்டி செய்பவர் 1818-இன் இறுதியில் காப்புரிமை பெற்று, அவ்வண்டியை மேலும் அழகுபடுத்தி விற்றார். செல்வக் குடும்பத்து இளைஞர்கள் அதை வாங்கினர். கேலிச்சித்திரக்காரர்களுக்கும் நல்ல வேட்டை. ஓரிரு ஆண்டுகளில் அந்த மோகம் தணிந்து, வண்டிகள் கொட்டகைகளில் முடங்கின.

பாடன் அரசு 1818 ஜனவரியில் டிரைஸுக்குப் பத்தாண்டு உரிமையும், இயந்திரவியல் பேராசிரியர் என்னும் பட்டமும் வழங்கியது. பட்டம் வெறும் கௌரவம். கற்பிக்கப் பல்கலைக்கழகம் ஏதுமில்லை. ஓய்வூதியம் மட்டும் உண்டு. உரிமைப் பத்திரமோ பாடன் எல்லையைத் தாண்டிச் செல்லாதது. பிற நாட்டார் விருப்பம்போல் வண்டியைச் செய்து விற்றனர். கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது மிகச் சிறிதே.

அதன்பின் அரசியல் அவர் வாழ்வைக் குலைத்தது. 1819-இல் கோட்செபு என்னும் எழுத்தாளரை மான்ஹைமில் கார்ல் சாண்ட் என்ற மாணவர் குத்திக் கொன்றார். கொலையாளிக்கு நாடெங்கும் மாணவர் கூட்டத்தின் ஆதரவு இருந்தது. 1820-இல் சாண்டின் தலை வெட்டப்பட்டது. தண்டனையைக் குறைக்க இசையாத உயர் நீதிபதி டிரைஸின் தந்தை. தந்தைமீதிருந்த சினத்தை மகன்மீது தீர்த்துக்கொள்ளப் பலர் காத்திருந்தனர். போகுமிடமெல்லாம் டிரைஸ் இகழப்பட்டார். 1822-இல் அவர் பிரேசிலுக்குப் புறப்பட்டார். அங்கே லாங்ஸ்டார்ஃப் என்பவரின் பண்ணையில் நில அளவையாளராக ஐந்தாண்டு வேலை செய்துவிட்டு, 1827-இல் மான்ஹைம் திரும்பினார்.

இத்தனை அலைச்சலிலும் அவர் கை ஓயவில்லை. 1821-இல் 25 எழுத்துகளுடன் ஒரு தட்டச்சுக் கருவியையும், பின்னர் பேச்சைச் சுருக்கெழுத்தில் விரைந்து பதிய மற்றொரு கருவியையும் அமைத்தார். விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்பு ஒன்றும் செய்தார். தண்டவாளத்தில் மனித ஆற்றலால் செலுத்தப்படும் பராமரிப்பு வண்டி பல ஐரோப்பிய மொழிகளில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும் 1830-இல் தந்தை இறந்தபின் காப்பார் இல்லாமற்போயினர். ஊரார் கண்ணுக்கு அவர் கிறுக்குப் பிடித்த பிரபு. 1838-இல் கொலைத் தாக்குதல் ஒன்றிலிருந்து மயிரிழையில் தப்பினார். அடுத்த ஆண்டு ஓடன்வால்ட் மலைக்காட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒதுங்கினார். 1845 வரை அங்கேயே வாழ்ந்தார்.

1848-இல் ஐரோப்பாவெங்கும் மக்கள் கிளர்ச்சி மூண்டது. பாடனில் அது முழுமையான புரட்சியாகவே வளர்ந்தது. மன்னரை ஞானத்தந்தையாகப் பெற்ற டிரைஸ், 1849-இல் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து, வெறும் குடிமகன் கார்ல் டிரைஸ் என்று தம்மை அறிவித்துக்கொண்டார். சில மாதங்களில் பிரஷியப் படை புரட்சியை நசுக்கியது. மீண்டும் அதிகாரத்துக்கு வந்தவர்கள் அவரை மறக்கவில்லை. புரட்சியால் ஏற்பட்ட செலவை ஈடுகட்ட என்று சொல்லி அவருடைய ஓய்வூதியத்தைப் பறித்தனர். அவரைப் பைத்தியக்காரர் எனச் சான்றளித்து அடைத்துவைக்கும் முயற்சியும் நடந்தது. 1851 டிசம்பர் 10 அன்று, பிறந்த ஊரான கார்ல்ஸ்ரூவில், கையில் காசில்லாமல் இறந்தார். அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். பின்னாளில் பெட்ரோலில் ஓடும் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸ் அவன். மிதிவண்டியை இன்று சாலையின் விளிம்புக்குத் தள்ளியிருக்கும் வாகனம் அதே தெருக்களிலிருந்துதான் வந்தது.

டிரைஸ் இறந்த பிறகு, 1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் பொருத்தப்பட்டது. 1885-இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி செய்த வண்டி இன்றைய வடிவத்தைத் தந்தது. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அதே 1888-இல் பிரிட்டிஷ் சட்டம் மிதிவண்டியை வண்டி வகையில் சேர்த்தது. அதாவது நடைபாதை அதற்கில்லை, சாலையில் அதற்குப் பங்குண்டு. அமெரிக்காவில் 1880-இல் தொடங்கிய மிதிவண்டியர் சங்கம், நல்ல சாலை வேண்டும் என்று அரசுகளை வற்புறுத்தி ஓர் இயக்கமே நடத்தியது. மிதிவண்டிக்கு நிலைத்த இடம் கிடைத்தது சாலை சீரானபோதுதான். நடைபாதையில் இடம் கேட்டதனால் அல்ல. 1893-இல் ஜெர்மன் மிதிவண்டியர்கள் கார்ல்ஸ்ரூவில் டிரைஸுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நடைபாதையை மிதிவண்டிக்கு ஓரளவு திறந்துவிட்ட நாடுகளும் உண்டு. சாலை விபத்துகள் பெருகிய நிலையில் ஜப்பான் 1970-இல் குறிப்பிட்ட நடைபாதைகளில் மிதிவண்டியை அனுமதித்தது. பின்னர் நடப்பவர்கள் அடிபடுவது பெருகவே, சாலையே மிதிவண்டிக்கு உரிய இடம், 13 வயதுக்குட்பட்டோர், 70 வயதைக் கடந்தோர் போன்றோருக்கே நடைபாதையில் விலக்கு என்று வரையறுக்க நேர்ந்தது. சிங்கப்பூரில் நடைபாதையில் ஓட்டலாம். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. டிரைஸின் ஜெர்மனியிலேயே இன்று 8 வயது நிறையாத குழந்தைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும். 10 வயதுவரை விரும்பினால் ஓட்டலாம். வயதையும் வேகத்தையும் அளந்து தரும் விலக்குகள் இவை.

இந்தியாவின் நிலை வேறு. 1820-இல் நடைபாதையிலிருந்து டிரைஸின் வண்டியை விலக்கிய அதே நகரம், கொல்கத்தா எனப் பெயர் மாறியபின், 2013-இல் 174 சாலைகளிலிருந்தும் மிதிவண்டியை விலக்கியது. எதிர்ப்புக்குப் பிறகு அப்பட்டியல் சுருக்கப்பட்டது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் மீன் விற்பவரும் எந்த வழியாகச் செல்வது? நடப்பவர் நிலையும் மெச்சத்தக்கதன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதசாரிகள் உயிரிழந்ததாக ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூறு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. இந்நிலையில் குறைந்தபட்சம் 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று விதி சொல்லியும் அதில் பாதிகூடக் கிடைக்காத நடைபாதையில், கடைப்பலகைக்கும் மின்மாற்றிக்கும் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே மிதிவண்டியையும் ஏற்றுவது இரண்டு ஏழைகளை ஒரு பாயில் படுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மிதிவண்டியின் அருமை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். 2001-இல் தொடங்கி விரிவடைந்த அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் இன்று மேல்நிலை மாணவ மாணவியருக்குப் போய்ச் சேர்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. வண்டியைக் கொடுத்தோம், கொள்கையையும் எழுதினோம். பதினாறு வயதுப் பெண் அந்த வண்டியை எங்கே ஓட்டுவாள் என்பதற்கு மட்டும் விடை எழுதவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் நடைபாதையே கிடையாது. தாரின் விளிம்புக்கும் முள்ளுக்கும் இடையிலான மண்ணே நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் பொது. லாரி ஒலி எழுப்பினால் இருவரும் அதில்தான் இறங்குகின்றனர்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த ஊர். சமணத்தின் திகம்பர முனிவர்கள் ஊர்தியில் ஏறுவதில்லை. நடக்கும்போது முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, சிற்றுயிர் மிதிபடாமல் அடியெடுத்து வைப்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் ஒன்று. துறவியின் நெறியை எல்லார்க்கும் சட்டமாக்க முடியாது. அதன் உட்பொருள் சாலைக்கு மிகவும் பொருந்தும்: வலியவரும் விரைபவருமே மெலியவரின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. இந்த அளவுகோலின்படி நடப்பவர்முன் மிதிவண்டி பணிய வேண்டும். மிதிவண்டியின்முன் காரும் லாரியும் பணிய வேண்டும். முதற்பாதியை மட்டும் சட்டமாக்கி, மறுபாதியை மறப்பதே மான்ஹைம் செய்தது.

ஆகவே என் கருத்து இது. நடைபாதை நடப்பவருக்கே உரியது. சிறு குழந்தைகளுக்கு மட்டும், நடைவேகத்தில், விலக்கு அளிக்கலாம். மற்றவர்கள் வேறு வழியின்றி ஏற நேர்ந்தால் இறங்கித் தள்ளிச் செல்வதே முறை. ஆனால் அப்படிச் சொல்லும் உரிமை, சாலையில் மிதிவண்டிக்குத் தனித்தடம் ஒதுக்கிய அரசுக்கே உண்டு. தடம் தராமல் அபராதம் விதிப்பது, மிதிவண்டியே வேண்டாம் என்று மறைமுகமாகச் சொல்வதாகும்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இனி வருவோர் பெருகுவர். சாலைகள் அகலமாக வேண்டிய தேவையும் எழும். திண்டிவனத்திலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் செஞ்சிக்குச் செல்லும் சாலைகள் எப்போது அகலப்படுத்தப்பட்டாலும், வரைபடம் போடும் நாளிலேயே இருபுறமும் நடைபாதையும் அதையொட்டி மிதிவண்டித் தடமும் அதில் இடம்பெற வேண்டும். வேலை முடிந்தபின் இடம் தேடினால் கிடைக்காது. அத்தகைய சாலையில், பள்ளிக்குச் செல்லும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடைபாதையில் ஏற வேண்டிய தேவையே இராது.